போனில் வருவதை நம்பி வயலில் இறங்கலாமா?

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அப்பாவோடு சேர்ந்து சம்பா போட்டிருக்கிறார். நட்டு ஒரு மாதம் தாண்டிய வயலில் ஒரு பக்கம் பயிர் மஞ்சளடிக்கிறது. படம் பிடித்து விவசாய வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆளுக்கு ஒரு பதில். தழைச்சத்து போதவில்லை, யூரியா போடு என்று ஒருவர். துத்தநாகக் குறை என்று ஒருவர். புகையான் பூச்சி விழுந்துவிட்டது, உடனே இதை அடி என்று மருந்து டப்பா படத்தோடு ஒருவர். யூடியூபில் தேடினால் இன்னும் நாலு விதம். "போனைப் பார்த்து விவசாயம் பண்ணினா விளங்காது" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பேசலாம் என்று கிடக்கிற இந்த இணையத்தை, விக்கிப்பீடியா, கூகுள் ரிவ்யூ உட்பட, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அவருடைய கேள்வி.

தம்பி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வேளாண் துறையில் டெல்டாவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிக்கொண்டிருப்பவன் நான். அதனால் வரப்பும் தெரியும், திரைக்குப் பின்னால் நடப்பதும் ஓரளவு தெரியும்.

நம்பலாமா கூடாதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒரே ஆள் ஒரே பதிவில் மூன்று காரியம் செய்கிறார். கண்ணால் கண்டதைச் சொல்கிறார், அது ஏன் அப்படி என்று காரணம் சொல்கிறார், அதற்கு இதைச் செய் என்று வழியும் சொல்கிறார். கண்டதைச் சொல்வதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆளில்லை. காரணம் சொல்வதில் சரியும் தப்பும் கலந்து வரும். வழி சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது. படிக்கும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

கண்டதைச் சொல்வதன் மதிப்பை நாம் 2018இல் பார்த்தோம். நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. புயல் என்றால் கடற்கரையில்தான் சேதம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி என்று உள்நாட்டில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை, பாதி ஊரில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைத்த இடத்துக்கு நடந்துபோய் ஆட்கள் அனுப்பிய படங்களும் சின்னச் சின்ன வீடியோக்களும்தான் உள்ளே நடந்ததை வெளியே கொண்டுவந்தன. அந்தப் படம் எடுத்தவர்களுக்கு வானிலையும் தெரியாது, பத்திரிகைத் தொழிலும் தெரியாது. தங்கள் தோப்பில் நின்று எடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் அதைவிட நம்பகமான ஆதாரம் எதுவும் கிடையாது.

மழை விஷயமும் அப்படித்தான். மன்னார்குடியில் கொட்டும், நீடாமங்கலத்தில் தூறலோடு போய்விடும். மழைமானி எல்லா ஊரிலும் இல்லை. "எங்கள் ஊரில் இப்போது நல்ல மழை" என்று நாலு ஊரிலிருந்து நாலு பேர் எழுதுவது அறுவடை மெஷின் வரச்சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவருக்குப் பெரிய உதவி. தமிழ்நாடு வெதர்மேன் என்று எல்லாருக்கும் தெரிந்த பிரதீப் ஜான் போன்றவர்கள் வானிலைத் துறை அதிகாரிகள் இல்லை, ஆர்வத்தில் எழுத வந்தவர்கள். ஆனால் எந்தத் தேதியில் எந்தப் பகுதிக்கு என்ன சொன்னார்கள் என்பது எழுத்தில் கிடக்கிறது, மறுநாள் மழையோடு வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது, பட்டம் பதவி பார்த்து வரவில்லை.

ஆனால் ஒன்று. கண்டதைச் சொல்வது என்றால் எங்கே, எப்போது என்ற இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது கழன்றுவிட்டால் உண்மையான வீடியோவே பொய்யாகிவிடும். மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2020, 2021, 2023, 2025 ஆண்டுகளில் அந்தத் தேதியில் திறந்தார்கள். 2022இல் மே 24லேயே திறந்தாயிற்று, 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்படி மாறி மாறி வருகிற விஷயத்தில் தேதி இல்லாமல் ஒரு வீடியோ சுற்றினால் என்ன ஆகும்? மதகு வழியாக நுரை பொங்கத் தண்ணீர் ஓடுகிறது, "மேட்டூர் திறந்தாச்சு" என்று எழுத்து ஓடுகிறது, அது எந்த வருஷத்துத் தண்ணீர்? அதை நம்பி ஒருவர் நாற்றங்கால் விட்டுவிட்டால் விதை நெல், உழவுக் கூலி எல்லாம் அவர் தலையில். இன்னொரு சங்கடமும் உண்டு. 2023இல் திறந்த வீடியோ உண்மை, தேதியும் சரி. ஆனால் அதைப் பார்த்து "இந்த வருஷம் குறுவைக்குக் கவலையில்லை" என்று முடிவுகட்டியது தப்பு. கர்நாடகத்திலிருந்து தண்ணீர் போதிய அளவு வராமல் எத்தனையோ வயல் காய்ந்தது. அணை திறந்ததைக் காட்டுகிற வீடியோவுக்கு அணையில் எத்தனை டி.எம்.சி. இருக்கிறது என்று தெரியாது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு உயரம் 120 அடி, இன்றைய நீர்மட்டம் தினமும் வெளியாகிறது, வீடியோவைப் பார்த்ததும் அந்த எண்ணைப் போய்ப் பாருங்கள்.

அடுத்தது, எண்ணிக்கை. "பத்துக் குழுவில் வந்துவிட்டது, பொய்யாக இருக்குமா?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பதில் நம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்து, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஊர் ஊராக ஏடு தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஏடு எழுதியவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தான், விட்டு எழுதினார்கள், சேர்த்து எழுதினார்கள். ஒப்பிடுகிற வேலையில் அடிப்படையான ஒரு விஷயம் உண்டு. ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துப் பிரதி கிடைத்தால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான். முதல் ஏட்டின் பிழை பத்திலும் இருக்கும். வேறு வேறு இடத்தில், ஒன்றையொன்று பார்க்காமல் வந்த மூன்று ஏடு ஒரே பாடத்தைக் காட்டினால் அதற்குத்தான் எடை. ஃபார்வர்டு மெசேஜுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு பலமுறை பகிரப்பட்டது என்று வந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடே கொண்டுவந்தார்கள். ஐம்பது பேர் அனுப்பியிருந்தாலும் அங்கே பார்த்தவர் ஒருவர்தான், சில நேரம் ஒருவர்கூட இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பதை எத்தனை பதிவில் படித்திருப்பீர்கள்! விழுகிறது. சாயங்காலம் கோயிலுக்குப் போகிற யாரும் பார்க்கலாம், மாலை நேரத்தில் பிராகாரத்தில் எடுத்த படங்களை இணையத்திலேயே தேடினாலும் தெரியும். 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. இதைப் பகிர்கிறவர்களில் பலர் கோயிலுக்குப் போனவர்கள்தான். போனவர்கள் பார்த்ததை எழுதாமல் கேட்டதை எழுதுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இது வெறும் கதை, யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியதே, அதில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அவரை அடித்தவர்களில் ஒருவர்கூடப் பிள்ளை பிடித்ததைக் கண்ணால் கண்டிருக்கவில்லை. அந்த வருஷம்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் செய்தது.

சரி, உங்கள் மஞ்சள் பயிருக்கு வருகிறேன். நீங்கள் போட்ட படம் நல்ல படம்தான், ஆனால் மேலிருந்து எடுத்த படம். அதில் தெரிவது இலை மட்டும். தழைச்சத்துக் குறை என்றால் அடியிலை, முற்றிய இலை, முதலில் ஒரே சீராக வெளிறும், பெரும்பாலும் வயல் முழுக்க இருக்கும். துத்தநாகக் குறையில் இலையில் துரு பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி வரும், பயிர் குட்டையாக நிற்கும், திட்டுத் திட்டாக இருக்கும். தண்ணீர் வடியாத பள்ளமான மூலை என்றால் வேர் கருத்திருக்கும், ஒரு குத்தைப் பிடுங்கி முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அதற்கு மருந்தே வேண்டாம், தண்ணீரை வடித்துக் காயவிட வேண்டும். துங்ரோ நோய் என்றால் நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள், அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. புகையான் இலையில் உட்காராது, தூரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், பயிரை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும், முற்றினால் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். குழுவில் பதில் சொன்ன ஒவ்வொருவரும் தங்கள் வயலில் சமீபத்தில் பார்த்ததை உங்கள் படத்தில் பார்த்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. "தூரை விலக்கிப் பார்த்தீர்களா, என்ன ரகம், எத்தனை நாள் பயிர், அந்த மூலை பள்ளமா?" என்று திருப்பிக் கேட்டவர் யாராவது இருந்தாரா? இருந்தால் அவர் பேச்சுக்கு மட்டும் கூடுதல் காது கொடுங்கள்.

மருந்து டப்பா படம் போட்டாரே, அதில்தான் எனக்குப் பயம். புகையானுக்குச் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தை (சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை) அடித்தால் புகையான் குறைவதற்குப் பதில் மறுபடி பெருகும். அதைத் தின்கிற சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் அந்த மருந்து கொன்றுவிடுவது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகம் இந்த வகையைத் தவிர்க்கச் சொல்கிறது. அடித்தவர் மறுநாள் நாலு பூச்சி செத்து மிதப்பதைப் பார்த்து "சூப்பர் ரிசல்ட்" என்று வீடியோ போடுவார், அவர் கண்டது உண்மை. கொஞ்ச நாள் கழித்து வயல் தீய்ந்ததை அதே சேனலில் போடுவாரா? அதோடு பூச்சி இருந்தாலே அடிக்க வேண்டும் என்பதும் இல்லை. தூருக்கு (ஒரு குத்தில் கிளைக்கிற ஒவ்வொரு தண்டுக்கும்) ஒரு புகையான் என்பது பொருளாதாரச் சேத நிலை, அதாவது அதற்குமேல் போனால்தான் மருந்துச் செலவு கட்டுப்படியாகும்; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தண்ணீரை வடிப்பது, யூரியாவைக் கொட்டாமல் பிரித்துப் போடுவது, நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விடுவது, இவை பாதி வேலையை முடித்துவிடும். இப்படியெல்லாம் ஒரு நிமிஷ ஷார்ட்ஸ் வீடியோவில் வராது. எந்த மருந்து எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு என்பது 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டு லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும். லேபிளில் இல்லாததை யார் சொன்னாலும் அடிக்காதீர்கள். சந்தேகம் என்றால் ஒரு குத்தைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோங்கள், போக முடியாவிட்டால் 1800-180-1551 கிசான் கால் சென்டரில் தமிழில் கேட்கலாம்.

அப்பா சொன்னது இந்த இடத்தில் சரி. போன் சொல்லி மருந்து அடிக்கக் கூடாது. ஆனால் அப்பாவுக்கும் ஒன்று சொல்லுங்கள், கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லி வாங்கி அடித்த காலமும் ஒன்றும் பாதுகாப்பான காலம் இல்லை. கடையில் கேட்டதைத் திருப்பிக் கேள்வி கேட்க நாலு பேர் பக்கத்தில் இல்லை. குழுவில் ஒருவர் தப்பாகச் சொன்னால் இன்னொருவர் மறுக்க வழி இருக்கிறது, அந்த மறுப்பு எல்லார் கண்ணிலும் படுகிறது. மறுத்துப் பேசுகிறவரை விரட்டாத குழுவாகப் பார்த்து இருங்கள்.

விக்கிப்பீடியா பலம் பெற்றது இந்தத் திருத்துகிற வழியால்தான். அது தொடங்கியது 2001, தமிழில் 2003, இன்று தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. 2005இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளுக்கு விக்கிப்பீடியாவிலும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திலும் இருந்த கட்டுரைகளை எடுத்து, எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அந்த ஆய்வு முறையையே மறுத்தது, நேச்சர் தன் முடிவில் நின்றது. ஆனால் அதே 2005இல்தான் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ எழுதிய பொய் சுமார் நான்கு மாதம் விக்கிப்பீடியாவில் அப்படியே கிடந்தது. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நிறையப் பேர் கண் வைத்திருக்கிற பக்கம் சீக்கிரம் திருந்தும், யாரும் பார்க்காத பக்கத்தில் பொய் உட்கார்ந்துவிடும். தமிழில் நம் பக்கத்து ஊர்க் கட்டுரைகளுக்கு இரண்டாவது நிலைதான். ஊராட்சிக் கட்டுரைகள் பலவற்றில் 2011 கணக்கெடுப்பு எண்கள் இருக்கும், அது நம்பலாம். அதற்குக் கீழே ஊர்ப் பெருமை என்று அடிக்குறிப்பு இல்லாமல் யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். வரலாறு என்று ஒரு தாவல் இருக்கிறது பாருங்கள், யார் எப்போது எதை மாற்றினார் என்பது முழுக்க அதில் உண்டு. அதைத் திறக்காமல் விக்கிப்பீடியாவைப் படிப்பது பத்திரம் பார்க்காமல் மனை வாங்குகிற மாதிரி.

கூகுள் ரிவ்யூ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோயில் நடை எப்போது சாத்துகிறார்கள், பாலம் வேலை முடிந்ததா, கடை இடம் மாறிவிட்டதா, இதற்கெல்லாம் அருமை. பம்ப்செட் மோட்டார், பவர் டில்லர் போன்ற பெரிய செலவுக்கு நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். ஒரே வாரத்தில் குவிந்த புகழ்ச்சியை விட்டுவிட்டு, வாங்கி ஒரு வருஷம் ஓட்டியவர் எழுதியதைத் தேடுங்கள். காசுக்கு எழுதும் போலி விமர்சனத் தொல்லைக்காக 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்று ஒரு தரமே வெளியிட்டிருக்கிறது. இப்போது கணினியே எழுதிக்கொடுக்கும் விமர்சனமும், செயற்கைக் குரலில் பேசும் விவசாய வீடியோவும் சேர்ந்துகொண்டன. எந்த ஊர், எந்தப் பருவம், எந்த ரகம் என்று எதையும் சொல்லாமல் வழவழவென்று ஓடினால் தள்ளிவிடுங்கள்.

இதெல்லாம் பொய்யைப் பற்றியது. என்னை அதைவிட உறுத்துவது சொல்லப்படாத உண்மை. மாப்பிள்ளைச் சம்பா போட்டேன், பொன்னாக விளைந்தது என்று அறுவடை அன்று வீடியோ வரும். ஆளுயரம் வளர்கிற, ஐந்து மாதம் வயலில் நிற்கிற பயிர் மழைக் காற்றில் சாய்ந்துபோன வருஷம் யார் கேமரா எடுத்துக்கொண்டு போகிறார்கள்? அதனால் இணையத்தைப் பார்த்தால் எல்லாமே எல்லாருக்கும் விளைந்த மாதிரி இருக்கும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்குகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். விதை பெருகுவது ஒரு பக்கம். எடுத்துப்போனவர் திரும்பி வந்து முகம் காட்ட வேண்டும், என்ன ஆயிற்று என்று சொல்லியாக வேண்டும், அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். 2018 டிசம்பரில் ஜெயராமன் காலமாகிவிட்டார். இணையத்தில் ஆலோசனை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யாரும் இப்படித் திரும்பி வருவதில்லை, அங்கேதான் ஓட்டை.

அதனால் நீங்கள் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல் எழுதவும் செய்யுங்கள் தம்பி. அந்த மூலைக்கு என்ன காரணம் என்று தெரிந்ததும் அதே குழுவில், அதே படத்துக்குக் கீழேயே போடுங்கள். ரகம், நட்ட தேதி, மண் எப்படி, ஆற்றுத் தண்ணீரா போர் தண்ணீரா, என்ன செய்தீர்கள், செலவு எவ்வளவு, பலன் கிடைத்ததா இல்லையா. பலன் இல்லை என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள், அடுத்த வருஷம் இதே அறிகுறியோடு தேடி வருகிறவருக்கு அதுதான் அதிகம் உதவும்.

இந்தச் சொந்த அனுபவத்தை விக்கிப்பீடியாவில் எழுதக் கூடாது, அங்கே ஏற்கெனவே வெளியான சான்றுள்ளது மட்டும்தான் நிற்கும், நாங்களே எடுத்துவிடுவோம். அங்கே எழுத ஆசை என்றால் உங்கள் ஊர்ப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, சான்றில்லாத வரிகளுக்குச் சான்று தேடுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு, 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் வரையக்கூடிய உலக வரைபடம். 2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்தது அதை வைத்துத்தான். வெண்ணாறு, வெட்டாறு, கல்லணைக் கால்வாய் மாதிரி பெரிய ஆறுகளை வரைந்துவிட ஆள் உண்டு. அதிலிருந்து பிரிகிற கிளை வாய்க்கால், ஊர் வாய்க்கால், வடிகால், மதகு இவற்றை அந்த ஊர்க்காரர் தவிர வேறு யாரும் சரியாகக் குறிக்க முடியாது. செயற்கைக்கோள் படத்தில் வாய்க்காலும் வடிகாலும் ஒரே கோடுதான், எது தண்ணீர் கொண்டுவருகிறது, எது கொண்டுபோகிறது என்று அதற்குத் தெரியாது. முறைப்பாசனம் வந்து தண்ணீர் ஓடுகிற வாரமாகப் பார்த்துப் போய், ஓட்டம் எந்தத் திசை என்று பார்த்துக் கோடு போடுங்கள். ஊரில் வழங்கும் பெயரை முதல் பெயராகவும் நீர்வளத்துறைப் பலகையில் இருக்கிற பெயரை மாற்றுப் பெயராகவும் போடலாம், இரண்டுக்கும் தனி இடம் இருக்கிறது.